சந்திலிருந்து கிளம்பும்போது வந்த சத்தம்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது சர்வீஸ் சென்டர்களில் கையில் ஸ்பேனரோடு நிற்கும் தங்கைகளுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஷெட்டை விட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் என்னால் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. கீழே என்ன தளர்ந்திருக்கிறது என்று காது தானாகப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்பார், நான் வேறெதற்கோ பதில் சொல்வேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். இருக்கலாம்.

நீங்கள் இப்போது வண்டியில் ஒரு வயரைச் செருகித் திரையில் கோளாறைப் படிக்கிறீர்கள். நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். ஆனால் அந்தத் திரைக்கு எட்டாத சத்தங்கள் உண்டு. அவற்றில் எனக்கு ஆகவே ஆகாதது, வண்டி கிளம்பும்போது ஒரே ஒரு தடவை வந்துவிட்டு அடங்கிப்போகும் சத்தம். ஓடுகிற நேரமெல்லாம் கத்துகிற பேரிங் நேர்மையான ஆசாமி. இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். இது கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிற பிள்ளை மாதிரி. திறந்து பார்த்தால் ஆள் இருக்காது, போய்ப் படுத்தால் மறுபடி தட்டும்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. காவிரியில் புதுப்பாலம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் உறையூரில் ஒரு ஷெட்டில் இரண்டாவது மெக்கானிக். முதல் ஆள், ஷெட்டுக்குச் சொந்தக்காரர், மேஸ்திரி. அவருக்கு ஒரு பேர் இருந்தது, ஆனால் வீட்டுக்காரம்மாவே மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். கெட்டிக்காரர். வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே பாதி வியாதியைச் சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஊரே அவரை நம்பியது. எனக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் ஷெட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ரிப்பேர் முடிந்த வண்டி முதலில் முன்னால்தான் நகர வேண்டும். முதல் நகர்விலேயே பின்னால் எடுத்தால் தொழிலும் பின்னால் போய்விடும் என்பது அவர் கணக்கு. பூஜை போட்ட புதுவண்டியை எவனாவது ரிவர்ஸில் எடுக்கிறானா என்று கேட்பார். அதனால் வருகிற வண்டியைத் தெருவிலேயே வளைத்து நிறுத்தி, உள்ளே விடுவதற்குக்கூட ரிவர்ஸ் கியர் ஆகாது என்று இன்ஜினை அணைத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் தோள்கொடுத்துப் பின்பக்கமாக உள்ளே தள்ளிவைப்போம். வேலை முடிந்தால் மூக்கு வாசலைப் பார்த்துத் தயாராக நிற்கும். மேஸ்திரி ஏறி உட்கார்ந்து, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, நேரே ஒன்றாம் கியரில் வெளியே எடுப்பார். சாலை ரோடு என்று பேர்கொண்ட தெருவில் ஒரு சுற்று, புத்தூர்ப் பக்கம் ஒரு சுற்று, முடிந்தது பரிசோதனை. சாமானோடு வந்த வண்டியைத் தள்ளும்போது மட்டும் எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல் கோபம் வரும். மற்றபடி அதைப் பற்றி யோசித்ததே கிடையாது.

சம்பத் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு சமையல் காண்ட்ராக்டர். கல்யாணம், சீமந்தம், கோயில் காரியம் எதற்கும் அவர் ஆட்கள்தான். அவரிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. அண்டா, குண்டான், அடுப்பு எல்லாம் அதில்தான் போகும். அவற்றுக்கு நடுவில் சமையல்காரர்களும் பரிசாரகர்களும் கால் வைக்க இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து போவார்கள். அப்போது அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. வண்டியை ஓட்டியவர் சூசை, காட்டூர்க்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் சூசையண்ணே என்பேன். அநாவசியமாக ஹாரன்கூட அடிக்க மாட்டார். வண்டியில் ஒரு குறை என்று அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. சின்னக் குறையை அவரே சரிபண்ணிக்கொள்வார்.

அந்த மனிதர் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து, கிளம்பும்போது ஒரு சத்தம் வருகிறது என்றார். எப்படிப்பட்ட சத்தம் என்று மேஸ்திரி கேட்டார். சூசை யோசித்தார். யோசித்து இப்படிச் சொன்னார்.

"டொக்குனு ஒண்ணு வரும் மேஸ்திரி. ஆனா இரும்பு இடிக்கிற மாதிரி இல்லீங்க. கீழ யாரோ நின்னுக்கிட்டு காலை மாத்தி வைக்கிற மாதிரி இருக்குங்க."

ஷெட்டில் சிரிப்பு வந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போய்விட்டு வந்து, ஒரு சத்தமும் இல்லை என்றார். இருந்தாலும் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் ஒன்று நைந்திருந்ததை மாற்றினோம். கிளம்பும்போது இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கினால் அப்படிச் சத்தம் வரலாம். சூசை போனார். சில நாளில் திரும்பி வந்தார். சத்தம் போகவில்லை. இந்தத் தடவை பின் அச்சுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகிற நீளத் தண்டின் மூட்டைப் பார்த்தோம். நாங்கள் அதை கிராஸ் என்போம். அதில் லேசாக ஆட்டம் இருந்தது. புதுசு போட்டோம். மேஸ்திரி ஓட்டிப் பார்த்தார், நான் ஓட்டிப் பார்த்தேன், பட்டுப்போல இருந்தது. சூசை மறுபடியும் வந்தார். வரும்போதே அவர் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது. டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போகிற நோயாளிக்கு வருகிற கூச்சம்.

எங்கேதான் அந்தச் சத்தம் வருகிறது என்று ஒருத்தன் கேட்டதற்கு, வீட்டிலிருந்து கிளம்பும்போது என்றார் சூசை. சம்பத்தை அவர் சாமி என்பார், அந்தச் சாமி வீட்டைத்தான் அப்படிச் சொன்னார். அவ்வளவுதான், ஷெட்டில் கிண்டல் கட்டுக்கடங்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிற சத்தம் எல்லா ஆம்பிளைக்கும் வருவதுதான், அதற்கு ஸ்பேனர் கிடையாது என்றான் ஒருத்தன். சூசையும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். அந்தப் பதிலில்தான் விடை இருந்தது. எங்களில் ஒருத்தருக்கும் மேலே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை சூசையோடு சம்பத்தும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை திருவெள்ளறையில் ஒரு கல்யாணம். விடிகாலையில் ஆட்களையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் தாண்டிப் போக வேண்டும். சூசை அந்த வண்டியில் ஆள் ஏற்ற மாட்டேன் என்கிறார். இதுதான் வழக்கு. சம்பத் கெட்டவர் இல்லை. ஆனால் கல்யாணத்தை ஒப்புக்கொண்ட சமையல்காரருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இருக்காது, யார் எதைச் சொன்னாலும் அது தன் காரியத்தைக் கெடுக்கத்தான் என்று படும். அவர் மேஸ்திரியிடம் நேராகக் கேட்டார்.

"ஒரே வார்த்தை சொல்லுங்கோ. வண்டியில ஏதாவது இருக்கா, இல்லையா?"

"என் கைக்கு ஒண்ணும் தட்டுப்படலைங்க" என்றார் மேஸ்திரி.

அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்று சம்பத்தே முடித்துக்கொண்டார். மேஸ்திரி அதைத் திருத்தவில்லை. தட்டுப்படவில்லை என்பதும் ஒன்றுமில்லை என்பதும் வேறு வேறு என்று மேஸ்திரிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பேரெடுத்த மனிதர், இத்தனை பேர் நடுவில், இத்தனை தடவை பார்த்த பிறகு, எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வார்?

சூசை மெதுவாகப் பேசினார். பாத்திரத்தை ஏற்றுங்கள், நான் ஓட்டுகிறேன், ஆட்களை மட்டும் பின்னால் ஏற்ற வேண்டாம் என்றார். சம்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நேரத்தில் திருவெள்ளறைக்குப் பஸ் கிடையாது, அவர்கள் என்ன நடந்தா வருவார்கள் என்று கேட்டார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பயமா இருந்தா சாவியை வெச்சுட்டுப் போ, சூசை. ஓட்டறதுக்கு ஆளா இல்லே?"

சூசை சாவியை பானெட் மேல் வைத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் வரேங்க என்று சொல்லிவிட்டு நடந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த வண்டியை ஓட்டியவர். சாலை ரோடு பஸ் ஸ்டாப்பில் அவர் நிற்பது ஷெட்டிலிருந்து தெரிந்தது. பஸ் வருகிற வரைக்கும் ஒருத்தரும் ஒரு ஆணியைக்கூடத் தட்டவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேலையைத் தொடங்குவேன், பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். ஒரே சிந்தனை. சூசை பொய் சொல்கிற ஆள் இல்லை. பயந்தாங்கொள்ளியும் இல்லை. மழையில் கரை தெரியாத ரோட்டில் ஓட்டுகிறவர். அப்படிப்பட்டவர் வேலையே போனாலும் பரவாயில்லை என்று ஒரு சத்தத்துக்காகச் சாவியை வைக்கிறார் என்றால் அந்தச் சத்தம் இருக்கிறது. இருக்கிறது என்றால் ஏன் எங்களுக்குக் கேட்கவில்லை? நாங்கள் கேட்ட இடத்தில் அது இல்லை. அப்போது அது இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெளுப்பதற்குள் சைக்கிளை எடுத்தேன். எங்கே என்று கேட்ட மனைவியிடம் ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். என்றைக்கிலிருந்து என்று அவள் கேட்பதற்குள் நான் தெரு முனைக்குப் போய்விட்டேன்.

சம்பத்தின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. சந்து ஒரு வண்டி அகலம். பாத்திர அறை சந்தின் வாயிலேயே இருந்ததால் ஏற்றி இறக்க வசதியாக வண்டியை மூக்கு உள்ளே போகும்படி விட்டு, பின்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்துவார்கள். தெரு வருஷா வருஷம் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, சந்து பள்ளமாகிவிட்டிருந்தது. நான் போகும்போது எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அண்டாக்கள் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. அவற்றுக்கு இடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் மடியில் கரண்டிக் கட்டு. திருவானைக்காவலிலிருந்து கூட்டிவந்த புது டிரைவர் சீட்டில் இருந்தார். சம்பத் பஞ்சகச்சமும் திருமண்ணுமாகச் சந்து முனையில் நின்று, புறப்படலாம் என்று கையைக் காட்டினார். நான் எதிர்ப்பக்கம் ஒரு காப்பிக் கடை ஓரமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

வண்டி பின்னால் வந்தது. ரிவர்ஸில், முழு லோடோடு, அந்த மேட்டில் ஏறுவதற்கு இன்ஜின் கத்தோ கத்தென்று கத்தியது. தெருவுக்கு வந்து நின்றது. டிரைவர் ஒன்றாம் கியரைப் போட்டு கிளட்சை விட்டார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி எழுப்பிய சத்தத்தில் எது கேட்கும்? ஆனால் என் கண் பின்சக்கரத்தின் மேல் இருந்தது. சக்கரம் நகர்ந்தது. வண்டி நகரவில்லை. ஒரு விரற்கடை அளவுக்குச் சக்கரம் மட்டும் மட்கார்டுக்குள் முன்னால் போய் உட்கார்ந்தது, அதற்கப்புறம்தான் வண்டி கிளம்பியது.

சக்கரம் உருளுவது வேறு, சக்கரம் இடம் மாறுவது வேறு. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். வண்டிக்கு முன்னால் போய் பானெட்டில் இரண்டு கையையும் வைத்து நின்றேன். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் அடித்தார்.

சம்பத் வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்தவுடன் காப்பி கேட்பார்கள், இன்னும் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை, இதில் நீ வேறா என்றார். அதோடு விடவில்லை.

"உங்க மேஸ்திரியே ஒண்ணுமில்லேன்னுட்டார். நீ அவருக்கும் மேலயா?"

நான் பார்த்தது ஒரு கணம். அதுவும் காலைக் கருக்கலில், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து. தப்பாகப் பார்த்திருந்தால்? ஒரு கல்யாணம் கெட்டுப்போகும். ஷெட்டுக்கு ஒரு நல்ல வாடிக்கை போகும், மேஸ்திரி பேர் கெடும், என் வேலையும் போகும். இதெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக மனசில் ஓடியது என்று உங்களிடம் பெருமையடிக்க மாட்டேன். ஓடியது ஒன்றுதான். நான் பார்த்தது தப்பானால் என்ன ஆகும், சரியானால் என்ன ஆகும். முதலாவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

"முதல்ல பின்னாடி இருக்கிறவங்களை இறக்குங்க சாமி" என்றேன். "அப்புறம் என்ன வேணா திட்டுங்க."

சம்பத் வாயைத் திறப்பதற்குள் கரண்டிக் கட்டு வைத்திருந்த பெரியவர் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அடியில் படுத்தேன். பின் அச்சு, அதற்கு மேலே அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகளோடு சேர்த்து, யூ போல வளைந்த யூ போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பட்டைகளின் நடுவே ஒரு சின்ன போல்ட் அச்சில் போய் உட்கார்ந்து, அது இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும். வலது பக்கத்தில் அந்த நடு போல்ட் ஒடிந்து போயிருந்தது. யூ போல்ட்டின் நட்டை நான் ஸ்பேனரே இல்லாமல் விரலால் சுற்றினேன், சுற்றியது. அச்சு முன்னும் பின்னும் தேய்ந்த இடம் வெள்ளிபோலப் பளபளத்தது. சில மாதத்துக்கு முன்னால் லோடு தாங்கவில்லை என்று சம்பத் வேறெங்கோ புதுப் பட்டை சேர்த்திருக்கிறார். புதுப் பட்டை லோடு ஏறி ஏறிப் படியும். படிந்த பிறகு நட்டை மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும். போட்டவர் வண்டி திரும்பி வரும் என்று நினைத்திருப்பார். வண்டி எங்களிடம் வந்தது, எங்களுக்குப் பட்டை மாற்றின கதையே தெரியாது.

சம்பத்தைக் கூப்பிட்டேன். அவர் பஞ்சகச்சத்தைப் பார்க்காமல் தெருவிலேயே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார். நான் ஒற்றை விரலால் நட்டைச் சுற்றிக் காட்டினேன். இதோடு போனால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். கொள்ளிடம் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்து ஓங்கிப் பிரேக் அடித்தால் வலது சக்கரம் மட்டும் பின்னால் போகும், வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பும், ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிரயோஜனமில்லை என்றேன். அவர் எழுந்து, வாழைத்தார் ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு காலி லாரியைக் கைகாட்டி நிறுத்தினார். பாத்திரங்கள் அதில் மாறின. அவர் முன்னால் ஏறிக்கொண்டார். ஆட்களை வருகிற பஸ்ஸில் வரச் சொன்னார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, வண்டியைச் சரிபண்ணியதும் அதை சூசையிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

புது டிரைவர் உறையூருக்குப் போய் மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி அடியில் பார்த்தார். அப்புறம், கழற்றுவதற்கு முன்னால், காலி வண்டியைச் சந்துக்குள் விட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். நான் ரிவர்ஸில் மேடேறி, நிறுத்தி, ஒன்றாம் கியரில் கிளப்பினேன். அண்டா எதுவும் இல்லாத அந்த வண்டியில் அது தெளிவாகக் கேட்டது. டொக். சூசை சொன்ன மாதிரியேதான், கீழே யாரோ காலை மாற்றி வைக்கிற மாதிரி. மேஸ்திரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்.

"நம்ம ஷெட்டுல இது ஆயுசுக்கும் கேட்டிருக்காதுடா" என்றார்.

ரிவர்ஸில் மேடேறும்போது அச்சு பின்னால் தள்ளப்படும். அடுத்தபடி முன்னால் எடுக்கும்போது அது திரும்பித் தன் இடத்துக்கு வரும், அப்போது ஒரு சத்தம். அதற்கப்புறம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தால் அச்சுக்கு நகர வேலையில்லை. சாலை ரோட்டில் காலி வண்டியைப் பூப்போலப் பிரேக் பிடித்து ஓட்டிப் பார்த்த எங்களுக்கு அது எப்படிக் கேட்கும்? முன்னால் மட்டுமே எடுப்பது என்று வைத்திருந்த ஷெட்டில், பின்னால் எடுத்துவிட்டுக் கிளம்பினால் மட்டும் வருகிற சத்தத்தைத் தேடியிருக்கிறோம். சூசைக்கோ கிளம்புவது என்றால் அந்தச் சந்திலிருந்து கிளம்புவதுதான். பின்னால் எடுப்பதை அவர் தனியாகச் சொல்லவேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. நாங்களும் கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. மேஸ்திரி அதன் பிறகும் தன் பழக்கத்தை விடவில்லை. வண்டியை முதலில் முன்னால் எடுத்துவிட்டு, பிறகு தெருவில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டு, மறுபடி முன்னால் எடுத்துப் பார்ப்பார். முதலில் எடுப்பது சாமிக்கு, அடுத்தது காதுக்கு என்பார்.

வேலை முடிந்து சாவியோடு நான் காட்டூருக்குச் சைக்கிளை மிதிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று எனக்கு ஒரே உற்சாகம். சூசை வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஒண்ணுமில்லைன்னு சொன்ன ஷெட்டுலேருந்துதானே தம்பி வர்றீங்க? இன்னும் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் சூசை உள்ளேயிருந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, சட்டையெல்லாம் புழுதி. அவர் வணக்கம் சொல்லவில்லை, வாங்க என்று சொல்லவில்லை. வண்டி என்ன ஆயிற்று, வேலை என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

"பின்னாடி யாரு தம்பி உட்கார்ந்திருந்தாங்க?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டோம் அண்ணே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டி பாலத்துக்கே போகவில்லை என்றேன். அவர் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார், கை பாதியிலேயே முகத்துக்குப் போய்விட்டது. நான் அதுவரை வயதில் மூத்த ஒரு ஆம்பிளை அப்படி அழுது பார்த்ததில்லை.

அவர் மனைவிதான் சொன்னார். அன்று காலையில் அவர் சர்ச்சுப் பூசைக்குக்கூடப் போகவில்லையாம். முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், நம்பர் ஒன் டோல்கேட்டில் போய் நின்றிருக்கிறார். வண்டி பத்திரமாகப் பாலத்தைத் தாண்டி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று. வண்டி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு லாரியில் தன் அண்டாக்கள் போவதைப் பார்த்திருக்கிறார். முன்னால் சாமி மட்டும் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஆட்கள் ஒருவரும் இல்லை. வண்டி பாலத்திலிருந்து விழுந்துவிட்டது என்பதைத் தவிர அவருக்கு வேறென்ன தோன்றும்? பாலம் முழுக்க நடந்தே வந்திருக்கிறார், ஒவ்வொரு இடமாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே மணலை எட்டிப் பார்த்துக்கொண்டு. ஸ்ரீரங்கம் போய்க் கேட்க மட்டும் கால் வரவில்லையாம். நேரே வீட்டுக்கு வந்து படுத்தவர், நான் வருகிற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

சாவியைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். இனிமேல் அந்த வண்டியில் பாத்திரம் ஏறும், ஆள் ஏறாது என்று சாமியிடம் சொல்லிவிடும்படி சொன்னார். நான் சொன்னேன். சம்பத் சரி என்றுவிட்டார். அதன் பிறகு கல்யாண நாட்களில் அவருடைய சமையல்காரர்கள் கரண்டிக் கட்டும் கையுமாக டவுன் பஸ்ஸுக்கு நிற்பதை ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸுக்குத் தோதாகச் சமையலைக் கொஞ்சம் தள்ளி ஒப்புக்கொள்ள அவர் பழகிக்கொண்டார்.

உங்களிடம் ஒருவர் வந்து, கிளம்பும்போது சத்தம் வருகிறது என்பார். உங்களுக்குக் கேட்காது. திரையிலும் ஒன்றும் வராது. வெளியே இன்னும் எட்டு வண்டி நிற்கும். அப்போது ஒன்றுமில்லை என்ற வார்த்தை தானாக நாக்குக்கு வரும். அதை விழுங்கிவிடுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள், அதில் கேவலம் எதுவும் இல்லை. எங்கே கிளம்பும்போது, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், யார் யார் ஏறியிருந்தார்கள் என்று கேளுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்துக்கே எழுந்து போங்கள். நீங்கள் போகாவிட்டால் அந்த டிரைவர் போவார். ஏதாவது ஒரு பாலத்தில் தனியாக நின்று, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.